பன்னீர் திராட்சைக்கு நெக்கர் கரையில் ஓர் உறவு

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். சாகுபடிக் கையேட்டைப் பிரித்தால் அதே ரகத்துக்கு 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று பெயர் போட்டிருக்கும். உத்தமபாளையத்துப் பந்தலில் காய்க்கும் பழத்துக்கு ஜெர்மனியின் வடகோடித் துறைமுகத்தின் பெயர் எப்படி வந்தது என்று திராட்சை விவசாயிகள் அவ்வப்போது கேட்பதுண்டு. ஹாம்பர்க் திராட்சைக்குப் பேர்போன ஊரும் இல்லை. கப்பலுக்குத்தான் பேர்போனது.

விடை இங்கிலாந்து வழியாகப் போகிறது. அங்கே கண்ணாடி வீடுகளில் வளர்த்த கறுப்புத் திராட்சை ஒன்றுக்கு 'பிளாக் ஹாம்பர்க்' என்று பெயர். லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட ஒரே கொடி இன்றும் கண்ணாடிக் கூரைக்கடியில் படர்ந்து காய்த்துக்கொண்டிருக்கிறது. அது இந்த ரகம்தான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துத் தோட்டக்காரர் ஒருவர் இந்தப் பிளாக் ஹாம்பர்க்கையும் வாசனைக்குப் பேர்போன மஸ்கட் ஆஃப் அலெக்சாந்திரியாவையும் கலந்து புதிய ரகம் எடுத்தார். அதுதான் மஸ்கட் ஹாம்பர்க். பிற்காலத்தில் நடந்த மரபணுச் சோதனைகளும் இந்தப் பெற்றோர் இருவரையும் உறுதி செய்துவிட்டன. பன்னீர் வாசம் அலெக்சாந்திரியா பக்கத்துச் சொத்து. கறுப்பு நிறமும் கொத்தின் கனமும் பிளாக் ஹாம்பர்க் பக்கத்திலிருந்து வந்தவை.

அந்தப் பிளாக் ஹாம்பர்க் இன்றும் பெரும்பரப்பில் பயிராகும் இடங்களில் ஒன்று தென்மேற்கு ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க். அங்கே அதன் பெயர் டிராலிங்கர். ஆல்ப்ஸ் மலையின் டிரோல் பகுதியிலிருந்து வந்ததால் டிரோலிங்கர் என்றிருந்து, பேச்சில் திரிந்து டிராலிங்கர் ஆயிற்று என்பார்கள். டிரோலின் தென்பகுதி இப்போது இத்தாலியில் இருக்கிறது. அங்கே இதே கொடியை ஜெர்மன் பேசுவோர் ஃபெர்னாட்ச் என்றும் இத்தாலியர் ஸ்கியாவா என்றும் அழைக்கிறார்கள். ஒரே கொடிக்கு ஊருக்கு ஒரு பெயர்.

ஆற்றின் வளைவில் கல் படிக்கட்டு

ஸ்டுட்கார்ட் நகரத்திலிருந்து வடக்கே ஹைல்பிரான் வரை நெக்கர் ஆறு நேராக ஓடுவதில்லை. சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. வளைவின் வெளிப்பக்கம் செங்குத்தான சரிவாக நிற்கும். முண்டெல்ஸ்ஹைம், ஹெஸ்ஸிக்ஹைம், பெசிக்ஹைம் ஆகிய ஊர்களில் அந்தச் சரிவுகளை அடியிலிருந்து உச்சிவரை படிப்படியாக வெட்டி, சாந்து வைக்காத கல்சுவர் எழுப்பி, ஒவ்வொரு படியிலும் சில வரிசை திராட்சை வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலையில் படிக்கட்டு செதுக்கியது போலத் தெரியும். ஹெஸ்ஸிக்ஹைமில் திராட்சைக்கு மேலே பாறைகள் தூண் தூணாக நிற்கின்றன. விடுமுறை நாட்களில் அவற்றில் ஏற வருபவர்களும் உண்டு.

இந்தச் சுவர்கள் மண்ணரிப்பைத் தடுப்பதோடு நிற்பதில்லை. பகலில் வாங்கிய வெயிலை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. இந்த இடம் 49 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. நான்கைந்து மாதம் கொடி இலையில்லாமல் உறங்கும். ஆண்டுக்கு ஒரே மகசூல். கவாத்து மாதத்தை மாற்றி ஆண்டு முழுக்கக் காய் எடுக்கும் கம்பத்து வழக்கம் இங்கே கனவிலும் நடக்காது. டிராலிங்கரோ தாமதமாகப் பழுக்கும் ரகம். பெரிய மணி, பெரிய கொத்து, கொடியின் வேகமும் அதிகம். அக்டோபருக்குள் பழுக்க வேண்டுமானால் தெற்கு நோக்கிய சரிவும், முதுகுக்குப் பின்னால் சூடேறிய கல்லும் வேண்டும். அதனால் தலைமுறை தலைமுறையாக மிகச் சிறந்த சரிவுகளை இந்த ரகத்துக்கே ஒதுக்கிவிட்டார்கள்.

கொடி நடும் முறையிலும் வேறுபாடு உண்டு. பந்தல் கிடையாது. கம்பி வேலியில் நேராக ஏற்றிக் கட்டுகிறார்கள். எல்லாக் கொடியும் அமெரிக்க இன வேர்க்குச்சியில் ஒட்டுக் கட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பாவின் சொந்த வேர்க் கொடிகளைத் தின்று தீர்த்த பிறகு வந்த பழக்கம் அது.

வுர்ட்டம்பெர்க்கில் மொத்தம் சுமார் 11,000 ஹெக்டேர், அதாவது 27,000 ஏக்கரளவில் திராட்சை இருக்கிறது. ஆனால் தனியொருவர் கையில் இருப்பது பெரும்பாலும் துண்டு நிலம். அப்பன் சொத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது இப்பகுதியின் பழைய வழக்கம். நிலம் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு சென்ட் கணக்குக்கு வந்துவிட்டது. பலர் பகலில் தொழிற்சாலை வேலைக்குப் போய், மாலையிலும் சனிக்கிழமையிலும் கொடியைப் பார்த்தார்கள். இன்றும் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். திராட்சை விவசாயிக்கு இங்கே வட்டார வழக்கில் 'வெங்கெர்ட்டர்' என்று பெயர்.

துண்டு நிலக்காரருக்குத் தனியே ஆலை வைத்துக் கட்டுபடியாகாது. அதனால் கூட்டுறவு சீக்கிரமே வேர்விட்டது. நெக்கர்சுல்ம் ஊரில் 1855-இலேயே திராட்சை விவசாயிகள் கூட்டுறவு தொடங்கியாயிற்று. இன்றும் வுர்ட்டம்பெர்க் ஒயினில் பெரும்பங்கு கூட்டுறவு நிலவறைகளிலிருந்துதான் வருகிறது. பழத்தை எடை போட்டு, இனிப்பை அளந்து, அதற்கேற்ப விலை தருகிறார்கள். இனிப்பை அளக்கப் பிரிக்ஸ் கணக்கு இல்லை, எக்ஸ்லே கணக்கு. ஒரு லிட்டர் சாறு ஒரு கிலோவைவிட எத்தனை கிராம் கூடுதலாக எடையிருக்கிறதோ அத்தனை டிகிரி. பிரிக்ஸ் 17 என்றால் ஏறத்தாழ 70 எக்ஸ்லே என்று வைத்துக்கொள்ளலாம். பணம் ஒரே தடவையில் கைக்கு வராது, தவணை தவணையாக வரும்.

'டிராக்கன்' என்றால் என்ன?

டிராலிங்கர் ஒயினைக் கண்ணாடியில் ஊற்றினால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சிவப்பு ஒயின் என்றால் அடர்ந்த கருஞ்சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு, இது செங்கல் நீரைப் போல வெளிறித் தெரியும். பின்னால் பிடித்த விரல் கண்ணாடி வழியே தெரியும். தோல் நிறம் குறைந்த, மணி பெருத்த பழம். சாறு அதிகம், தோல் பங்கு குறைவு. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் இரண்டுமே இதில் குறைவு.

நிறத்தை எடுக்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, நசுக்கிய பழத்தைத் தோலோடு சேர்த்துச் சில நாள் நொதிக்க விடுவது. இன்னொன்று, நசுக்கிய கூழைச் சூடேற்றி நிறத்தை இறக்கிக்கொண்டு, பிறகு சாற்றை மட்டும் பிழிந்து நொதிக்க வைப்பது. பெரிய நிலவறைகளில் இரண்டாவது வழி அதிகம். வேகமான வழி, பழவாசனையும் நன்றாக வரும். ஆனால் கொஞ்சம் ஜாம் வாசம் தட்டும் என்ற குறையும் சொல்வதுண்டு. தோலோடு நொதித்ததில் செர்ரி, காட்டு ஸ்ட்ராபெர்ரி வாசனையும், முடிவில் லேசான பாதாம் கசப்பும் இருக்கும்.

நொதித்தல் என்பது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுவது. தின்றது போக மிஞ்சும் சர்க்கரை எவ்வளவு என்பதுதான் ஒயின் இனிப்பா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. சீட்டில் 'டிராக்கன்' என்று எழுதியிருந்தால் இனிப்பில்லாதது என்று பொருள். சட்டப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். புளிப்பும் அதற்கு ஈடாக இருந்தால் 9 கிராம் வரை அனுமதி. வாயில் விழும் இனிப்பைப் புளிப்பு அடக்கிவிடும் என்பதுதான் அதன் கணக்கு. முன்பு டிராலிங்கரில் பாதி இனிப்பு விட்டு வைப்பது வழக்கமாக இருந்தது. சாப்பாட்டோடு குடிக்க டிராக்கனே பொருத்தம். குளிர்ந்த ஆண்டில் இனிப்பு போதாமல் போனால் நொதிப்பதற்கு முன் சாற்றில் சர்க்கரை சேர்க்கவும் சாதாரணத் தர ஒயினுக்குச் சட்டம் இடம் தருகிறது. அது எஞ்சி நிற்கும் இனிப்புக்காகச் சேர்ப்பதல்ல, ஆல்கஹாலை ஏற்றுவதற்காகச் சேர்ப்பது.

பரிமாறுவது 14 டிகிரி அளவில், தொட்டால் சில்லென்று இருக்கும் பதத்தில். பத்து வருடம் நிலவறையில் வைத்து முதிர வைக்கும் பொருள் இல்லை. ஓரிரு வருடத்தில் குடித்துத் தீர்க்க வேண்டும். கண்ணாடிகூட நீண்ட கால் வைத்தது கிடையாது. கைப்பிடி வைத்த, கால் லிட்டர் பிடிக்கும் தடித்த கண்ணாடி. அதற்கு 'ஃபியர்டெலே', அதாவது கால் அளவு என்று பெயர்.

வாசலில் விளக்குமாறு

இந்த ஒயினையும் அதற்கேற்ற சாப்பாட்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் ஓட்டலுக்குப் போகக் கூடாது, 'பேசன்' தேடிப் போக வேண்டும். பேசன் என்றால் ஜெர்மன் மொழியில் விளக்குமாறு. குச்சியில் கட்டிய விளக்குமாற்றுக்கு வண்ண ரிப்பன் சுற்றி விவசாயி தன் வாசலில் மாட்டியிருந்தால், 'இன்று உள்ளே ஒயின் உண்டு, வாருங்கள்' என்று பொருள். தானியக் களஞ்சியத்தையோ டிராக்டர் கொட்டகையையோ துடைத்து, நீள மேசையும் பெஞ்சும் போட்டிருப்பார்கள். சில வீடுகளில் முன்னறையையே காலி செய்துவிடுவார்கள். அறிமுகமில்லாதவர்கள் தோளோடு தோள் உட்கார வேண்டும். தனி மேசை கேட்டால் சிரிப்பார்கள்.

சட்டம் இதற்கென்று தனி வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஓட்டல் உரிமம் வேண்டாம். ஆனால் சொந்தமாக விளைவித்த ஒயினை மட்டுமே விற்கலாம், 40 இருக்கைக்கு மேல் கூடாது, ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் நடத்தக் கூடாது. சாப்பாடும் எளிய சாப்பாடாக இருக்க வேண்டும். இந்த வரம்புகளைக் கட்டுப்பாடு என்று மட்டும் பார்ப்பது சரியில்லை. ஓட்டல்காரரோடு மோதாமல், கூட்டுறவுக்குப் பழம் போடாத சிறு விவசாயி தன் சரக்கை இடைத்தரகர் இல்லாமல் கைக்குக் கை விற்க இதுவே வழி விட்டிருக்கிறது. சமைப்பது வீட்டுக்காரி, ஊற்றுவது மகன், கணக்குப் பார்ப்பது பாட்டி.

தட்டில் வருவது பெரும்பாலும் பன்றி. வேகவைத்த வயிற்றுக்கறி, ரத்தத் தொத்திறைச்சி, ஈரல் தொத்திறைச்சி, பக்கத்தில் புளித்த முட்டைக்கோஸ். ஸ்டுட்கார்டுக்குத் தெற்கே ஃபில்டர் சமவெளியில் கூம்பு வடிவ முட்டைக்கோஸ் ஒன்று விளைகிறது. நரம்பு மெல்லியது, நறுக்கி உப்புப் போட்டுப் புளிக்க வைக்க அதைவிட ஏற்றது இல்லை என்பது உள்ளூர்க்காரர் வாதம். கொழுப்பு, உப்பு, புளிப்பு மூன்றும் சேர்ந்த இந்தத் தட்டுக்குத் துவர்ப்பு மிகுந்த கனமான ஒயின் வைத்தால் இரண்டும் சண்டை போடும். உப்பும் புளிப்பும் துவர்ப்பைக் கசப்பாக்கிக் காட்டும். டிராலிங்கரில் துவர்ப்பு குறைவு, சொந்தப் புளிப்பு உண்டு, குளிர்ச்சியும் உண்டு. கொழுப்பை நாக்கிலிருந்து கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு இடம் விடும். வெளிறிய ஒயின் என்று கேலி செய்பவர்கள் இந்தத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேலி செய்து பார்க்கட்டும்.

அடுத்தது மவுல்டாஷன். மெல்லிய மாவுத் தாளில் அரைத்த இறைச்சி, பசலைக்கீரை, வெங்காயம், ஊறிய ரொட்டி எல்லாம் வைத்து மடித்து வேகவைத்த பொட்டலம். எலும்புச் சாற்றில் மிதக்கவிட்டோ, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம் போட்டோ தருவார்கள். நோன்பு நாளில் இறைச்சியைக் கடவுள் கண்ணில் படாமல் மறைக்க மவுல்புரோன் மடத்துத் துறவிகள் கண்டுபிடித்த தந்திரம் என்று இதற்கொரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பை இந்தப் பலகாரம் வாங்கிவிட்டது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

டிராலிங்கருக்கு உண்மையான ஜோடி எது என்று கேட்டால் பருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். தோல் உரிக்காத சிறு பருப்பு, மைசூர் பருப்பின் இனம்தான். காய்கறியோடு குழைய வேகவைத்து, கடைசியில் வினிகர் விட்டுப் புளிப்பேற்றுவார்கள். கூடவே ஷ்பெட்ஸ்லே. முட்டை சேர்த்த கோதுமை மாவைப் பலகையில் பரப்பி, கத்தியால் கொதிநீரில் சீவிப் போட்டு எடுக்கும் குட்டை நூடுல்ஸ் அது. தட்டின் ஓரத்தில் இரண்டு மெல்லிய தொத்திறைச்சி. வினிகர் போட்ட பருப்புக்கு எந்தச் சிவப்பு ஒயினும் எளிதில் ஒத்துப்போகாது. இது ஒத்துப்போகிறது.

அந்தப் பருப்பின் கதையையும் விட்டுவிட முடியாது. நெக்கருக்குத் தெற்கே ஸ்வாபிய ஆல்ப் மேட்டுநிலம் கல்லும் சுண்ணாம்பும் நிறைந்த வறண்ட பூமி. ஒரு காலத்தில் அங்கே பருப்பு விளைந்தது. மகசூல் குறைவு, அறுவடை சிரமம், இறக்குமதிப் பருப்பு மலிவு என்று இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாகுபடியே அற்றுப்போனது. 1980-களில் லாவுட்டராக் ஊரின் இயற்கை விவசாயி ஒருவர் குடும்பத்தோடு மீண்டும் பருப்பு விதைத்தார். ஆனால் கையில் இருந்தது வெளியூர் விதை. பழைய ஆல்ப் ரகங்கள் அழிந்துவிட்டன என்றே எண்ணியிருந்தார்கள். 2006-இல் அவை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாவிலோவ் நிறுவன விதை வங்கியில் பத்திரமாக இருப்பது தெரியவந்தது. கொஞ்சம் விதை வாங்கி வந்து பெருக்கி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயிகள் பயிரிடுகிறார்கள். பருப்புச் செடி தானாக நிமிர்ந்து நிற்காது, மண்ணில் சாய்ந்துவிடும். அதனால் வாற்கோதுமையோ ஓட்ஸோ ஊடே விதைத்து, அதைப் பற்றிக்கொண்டு நிற்க விடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து அறுத்து, பிறகு சலித்துப் பிரிக்கிறார்கள்.

வறுத்த வெங்காயம் குவித்த மாட்டிறைச்சி வறுவல் இப்பகுதியின் விருந்துச் சாப்பாடு. அதற்கு டிராலிங்கர் மட்டும் போதாது. லெம்பெர்கர் என்ற அடர்நிற ரகத்தின் ஒயினைக் கலந்து, 'டிராலிங்கரும் லெம்பெர்கரும்' என்றே பாட்டிலில் எழுதி விற்கிறார்கள். மான்கறி, நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டி போன்றவற்றோடு டிராலிங்கரை வைப்பது வீண். ரொட்டி, புகையூட்டிய கொழுப்பிறைச்சி, உப்பு தூவிய பிரெட்சல் இவற்றோடு வைத்தால் போதும்.

சுவர் சரிந்தால்

டிராலிங்கர் வெளிநாட்டுக்கு அதிகம் போனதில்லை. விளைந்த ஊரே குடித்துத் தீர்த்தது. அது பல காலம் பலமாக இருந்தது, இப்போது அதுவே பலவீனமாகிவிட்டது. பழைய தலைமுறை குறையக் குறைய, மாலையில் ஒரு ஃபியர்டெலே என்ற பழக்கமும் குறைகிறது. இளையவர்களுக்கு அடர்நிற ஒயின் பிடிக்கிறது, அல்லது ஒயினே வேண்டாம் என்கிறார்கள். டிராலிங்கர் பரப்பு கடந்த சில பத்தாண்டுகளில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

கல் படிக்கட்டில்தான் அடி பலமாக விழுகிறது. அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் சிறு வண்டி வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், மற்றவர்களுக்கு முதுகுதான். ஒரு ஹெக்டேர் படிநிலத்துக்கு ஆண்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வேலை பிடிக்கும். இயந்திரம் ஓடும் தட்டை நிலத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் பிடிக்காது. விற்பனைக்கு வரும்போது இரண்டும் டிராலிங்கர்தான், ஒரு லிட்டர் பாட்டிலில், ஏறத்தாழ ஒரே விலையில். மழைக்காலத்தில் சுவர் ஒரு கஜம் சரிந்தால் அதை அடுக்கிக் கட்டும் செலவு அந்தப் படியின் பல வருட வருமானத்தைத் தின்றுவிடும். மனம் வெறுத்தவர் கொடியைப் பிடுங்கிவிடுகிறார். முள்ளும் புதரும் ஏறிய படிகள் இப்போது ஆற்றோரம் ஆங்காங்கே கண்ணில் படுகின்றன.

பூச்சியும் சேர்ந்துகொண்டது. பழுக்கும் பழத்தின் தோலை அறுத்து உள்ளே முட்டையிடும் ஆசியப் பழ ஈ ஒன்று 2014-இல் கடுமையாகத் தாக்கியபோது, நிறம் ஏறும் ரகங்களில் டிராலிங்கரும் அடிபட்டது. வெயில் ஏறிய கோடைகள் தாமதமாகப் பழுக்கும் இந்த ரகத்துக்கு இனிப்பைக் கூட்டித் தந்தன என்பது உண்மை. அதே வெயில் தெற்குச் சரிவில் பழத்தைச் சுட்டு உலர்த்தியும் விடுகிறது.

மாற்று வழி தேடுபவர்கள் இல்லாமல் இல்லை. சிலர் கொத்துகளைப் பாதியாகக் குறைத்து, தோலோடு நொதிக்க வைத்து, முக்கால் லிட்டர் பாட்டிலில் 'படிநில ஒயின்' என்று தனியே பெயரிட்டு விலை கூட்டி விற்கிறார்கள். சிலர் அதே சரிவில் வேறு ரகத்துக்கு மாறுகிறார்கள். 1868-இல் தொடங்கிய வைன்ஸ்பெர்க் திராட்சைப் பள்ளி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஆகஸ்ட் ஹெரால்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1929-இல் டிராலிங்கரையும் ரீஸ்லிங்கையும் கலந்து கெர்னர் என்ற வெள்ளை ரகத்தை எடுத்தார். 1955-இல் அவரே எடுத்த டோர்ன்ஃபெல்டர் இன்று ஜெர்மனியின் முக்கியச் சிவப்பு ரகங்களில் ஒன்று. டிராலிங்கர் அதற்குப் பாட்டன் முறை. பாட்டன் வெளிறிப்போனவர், பேரன் மை போலக் கறுப்பு.

நான்கு மாதக் கெடு முடிந்ததும் விளக்குமாற்றைக் கழற்றி உள்ளே வைத்து, பெஞ்சுகளை அடுக்கி, கொட்டகையில் மீண்டும் டிராக்டரை நிறுத்துகிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் பனி விலகிய நாளாகப் பார்த்துக் கவாத்துக் கத்தரியோடு படியேறுவார்கள். போன வருடக் கொம்புகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் நிற்கும், மற்றவை கீழே விழும். மார்ச்சில் சாறு ஏறிக் கொம்பு வளையும் பதம் வந்ததும், அதை வில்லாக வளைத்துக் கம்பியில் கட்டுவார்கள்.